கை கூப்பினால் பதிலுக்கு யார் கூப்புவது?

வெப்கேம் முன்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தால் வால்யூம் ஏறும், சேர்த்தால் இறங்கும். ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசனில் இந்த டெமோ இல்லாத கல்லூரியே இருக்காது போல. தப்பில்லை, அழகாகவே வேலை செய்யும். ஆனால் அது ரிமோட் கன்ட்ரோல். பட்டனுக்குப் பதில் விரல், அவ்வளவுதான். மனிதர்களோடு பழகக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தருகிறோம் என்று அதற்குப் பெயர் வைப்பதுதான் இடிக்கிறது. ஒருவர் செய்கைக்கு இன்னொருவர் என்ன செய்தார், எத்தனை நொடி கழித்துச் செய்தார், எப்போது ஒன்றும் செய்யாமல் இருந்தார் என்பது எதுவும் அந்த டெமோவில் கிடையாது. மனிதர்களின் செய்கைகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தரும் இந்தத் துறையின் டேட்டாவே பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது என்பது என் புகார்.

என்.டி.யு. ஆர்.ஜி.பி.டி என்ற டேட்டாசெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. 60 செய்கைகள், 56,880 வீடியோத் துண்டுகள். எலும்புக்கூட்டுப் புள்ளிகளை, அதாவது உடலின் மூட்டுகள் இருக்கும் இடங்களை, வைத்துச் செய்கையை அடையாளம் காணும் யாரும் இதைத் தொடாமல் போக முடியாது. 60-இல் இருவர் சேர்ந்து செய்பவை 11. குத்துவது, உதைப்பது, தள்ளுவது, கட்டிப்பிடிப்பது, கை குலுக்குவது, அடுத்தவர் பாக்கெட்டைத் தொடுவது என்று போகும் அந்தப் பட்டியல். கை கூப்புவதும் 60-இல் உண்டு, கை ஆட்டுவதும் உண்டு. ஆனால் இரண்டும் தனி ஆள் செய்கைப் பட்டியலில்! எதிரே யாருமே இல்லாமல் ஒருவர் நின்று கும்பிடுகிறார். அதைப் பார்த்துப் படித்த மாடலுக்கு கும்பிடு என்பது ஒரு கை நிலை. பதில் கும்பிடு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இதில் வருத்தம் என்னவென்றால், சரியான கேள்வியை 1998-லேயே கேட்டுவிட்டார்கள். எம்.ஐ.டி. மீடியா லேபில் டோனி ஜெபரா, அலெக்ஸ் பென்ட்லண்ட் இருவரும் செய்த வேலை. ‘ஆக்‌ஷன் ரியாக்‌ஷன் லேர்னிங்’ என்று பெயர். இரண்டு பேர், ஆளுக்கொரு கேமரா. தலை ஒன்று, கை இரண்டு, ஆக படத்தில் தோல் நிறத்தில் தெரியும் மூன்று திட்டுகள். ஒவ்வொரு திட்டுக்கும் எங்கே இருக்கிறது, எந்த வடிவம், எந்தச் சாய்வு என்று 5 எண்கள். ஒருவருக்கு 15, இருவருக்கு 30. கடந்த சுமார் 6 நொடியை 120 ஃபிரேமாக எடுத்தால் 3,600 எண்கள். அதை பி.சி.ஏ. என்ற சுருக்கும் கணக்கைப் போட்டு 40-க்குக் குறைத்து, ‘இதுவரை நடந்தது இது, அடுத்த கணம் என்ன’ என்ற நிகழ்தகவை மட்டும் கற்க வைத்தார்கள்.

அங்கே யாரும் ‘இது கை ஆட்டல்’ என்று லேபிள் ஒட்டவில்லை. முதலாமவர் கை ஆட்டுவார், இரண்டாமவர் பதிலுக்கு ஆட்டுவார். முதலாமவர் கைகளைத் தூக்கிக்கொண்டு பயமுறுத்துவார், இரண்டாமவர் குறுகுவார். முதலாமவர் வயிற்றைச் சுற்றித் தடவித் தலையைத் தட்டுவார், இரண்டாமவர் கைதட்டுவார். முதலாமவர் சும்மா இருந்தால் இரண்டாமவரும் சும்மா. சில நிமிடம் இப்படிப் பார்த்த பிறகு இரண்டாமவரை எழுப்பிவிட்டு, அவர் இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார வைத்தார்கள். அது பதிலுக்குத் திட்டுகளை அசைத்தது. சின்ன விளையாட்டுதான். ஆனால் கற்றது செய்கையை அல்ல, பதிலை.

அந்த ஆய்வில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தமானது. அடுத்த ஃபிரேமைக் கணிப்பதில் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். பழைய பதிவில் இதே மாதிரி கணத்தைத் தேடி எடுப்பது ஒன்று. ‘போன வேகத்திலேயே கை போகும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இன்னொன்று. மூன்றாவது அவர்களுடைய மாடல். மாடல்தான் ஜெயித்தது. ஆனால் அந்தக் கண்மூடி வழி பக்கத்திலேயே வந்தது, தேடி எடுப்பதை முந்திவிட்டது. 50 மில்லிசெகண்டில் கை எங்கே போய்விடும்! அதனால் ‘அடுத்த ஃபிரேம் பிழை இவ்வளவு குறைவு’ என்று யாராவது கிராஃப் காட்டினால் அசந்துவிடாதீர்கள். பதில் ஆரம்பிக்கும் அந்த ஒரு கணத்தைப் பிடித்ததா என்று கேளுங்கள்.

இன்று இதைச் செய்வதற்கு ஒரு லேப்டாப், இரண்டு வெப்கேம் போதும். தோல் நிறத்தை வைத்துத் திட்டு தேட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. கூகுளின் இலவச மென்பொருளான மீடியாபைப் போஸ் ஒரு உடலுக்கு 33 புள்ளிகள் தருகிறது. உட்கார்ந்து பேசும் இருவருக்கு அதில் 9 போதும்: மூக்கு, இரண்டு காது, தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள். 9 புள்ளிக்கு 18 எண்கள், இருவருக்கு 36. விநாடிக்கு 30 ஃபிரேம், மாடல் ஒரு நேரத்தில் பார்க்கும் துண்டு, அதாவது ஜன்னல், ஒன்றரை நொடி என்றால் 45 ஃபிரேம், மொத்தம் 1,620 எண்கள். 64 யூனிட் உள்ள ஒரு ஜி.ஆர்.யு., அதாவது வரிசையாக வருவதை நினைவில் வைத்துக் கற்கும் சின்ன நியூரல் நெட்வொர்க், இதைத் தாராளமாகத் தாங்கும். ஜன்னலை அரை நொடிக்குக் குறைக்காதீர்கள். நிதானமாகக் கை ஆட்டுபவர் ஒரு முறை போய்த் திரும்பவே ஒரு நொடி ஆகும். பாதி ஆட்டலைப் பார்த்த மாடலுக்கு அது தலை கோதுவது மாதிரிதான் தெரியும்.

ஒரே கேமராவில் இரண்டு பேரையும் பிடிக்கலாமே என்று தோன்றும். பிடித்தால் இரண்டு தொல்லை. ஆட்களின் வரிசை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறலாம், முதலாமவர் திடீரென இரண்டாமவர் ஆகிவிடுவார். கை குலுக்கினாலோ ஒருவர் மணிக்கட்டு இன்னொருவர் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு கேமரா வைத்தால் இது இல்லை. பதிலாக நேரம் ஒத்துப்போக வேண்டும். சினிமாக்காரர்கள் கிளாப் அடிப்பது எதற்கோ அதற்கேதான்: இரண்டு கேமராவிலும் தெரிகிற மாதிரி ஆரம்பத்தில் ஒரு தட்டு, முடிவில் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே ஃபிரேம் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு கேமரா ஃபிரேமை விழுங்கியிருக்கிறது. பெரும்பாலும் காரணம் வெளிச்சம். அறை இருட்டானால் ஆட்டோ எக்ஸ்போஷர் 30-ஐச் சத்தமில்லாமல் 15 ஆக்கிவிடும். வேகமாக ஆடும் கையும் மங்கிப்போய் மணிக்கட்டுப் புள்ளி தொலையும். ஆட்டோ எக்ஸ்போஷரை நிறுத்திவிட்டு ஒரு டியூப்லைட் கூடப் போடுங்கள்.

புள்ளிகளை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் ஆள் நாற்காலியை அரை அடி பின்னே இழுத்தாலே குழம்பும். 11, 12-ஆம் புள்ளிகள் தோள்கள். அவற்றின் நடுப்புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, தோள் அகலத்தால் எல்லாவற்றையும் வகுத்துவிட வேண்டும். செல்ஃபி மாதிரி கண்ணாடிப் படமாகப் பதிந்தீர்களா, நேர்ப்படமாகவா என்பதையும் எழுதி வையுங்கள். டிரெய்னிங் ஒன்றில், ஓட்டுவது இன்னொன்றில் என்றால் இடது வலது மாறி, எங்கே தப்பு என்று இரண்டு நாள் தேட வேண்டியிருக்கும்.

கும்பிடைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். உள்ளங்கைகள் ஒட்டியதும் முன்னாலிருந்து பார்க்கும் கேமராவுக்கு ஒரு கைதான் தெரிகிறது. கைக்கென்றே இருக்கும் 21 புள்ளி மாடல் பல சமயம் ஒரு கையைத் தொலைத்துவிடும். அதனால் அதை நம்பாமல் உடல் மாடலின் மணிக்கட்டுகளை, அதாவது 15, 16-ஐ எடுங்கள். இடைவெளி தோள் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், உயரம் தோளுக்குக் கீழே மார்பளவில், இரண்டு முழங்கையும் வெளிப்பக்கம். இது ஆரம்ப அளவு, ஆளுக்கு ஆள் திருத்த வேண்டும். ஒரே ஃபிரேமில் இது கைதட்டலாகவும் இருக்கலாம், குளிருக்குக் கை தேய்ப்பதாகவும் இருக்கலாம். பிரித்துக் காட்டுவது நேரம்தான். கும்பிடில் கைகள் சேர்ந்து, ஒரு கணம் நின்று, பிறகு பிரியும். கூடவே தலை லேசாகத் தாழும். தட்டலில் நிற்காது. தேய்ப்பில் பிரியாது.

அடுத்து நம் தலையாட்டல். யெஸ், நோ என்று இரண்டே இரண்டு லேபிளோடு வரும் மாடல் தமிழ்நாட்டில் முதல் நாளே தோற்கும். மேல் கீழ் ஆட்டினால் ஆமாம், இடம் வலம் திருப்பினால் இல்லை. நாம் ‘சரி, சரி’ என்று தோளை நோக்கிச் சாய்த்து ஆட்டுவது மூன்றாவது அச்சு. கணக்கு எளிதுதான்: 7, 8-ஆம் புள்ளிகள் காதுகள். அவற்றை இணைக்கும் கோட்டின் சாய்வு மாறினால் அது நம் ‘சரி’. மூக்கு அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் போனால் ஆமோதிப்பு. மூக்கு பக்கவாட்டில் ஒரு காதை நெருங்கினால் மறுப்பு. இந்த மூன்று எண்ணையும் தனியாகப் பிரித்துக் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும். இதே கதைதான் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை மடக்கி ‘வா’ என்று கூப்பிடுவதும். வெளிநாட்டு வீடியோவில் படித்த மாடல் அதை ‘போய் வருகிறேன்’ என்று எடுத்துக்கொண்டு, கூப்பிட்டவருக்கே டாட்டா காட்டும்.

லேபிள் ஒட்டுவதற்கு ஈலான் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துடையது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் நான்கு நேரங்கள் குறியுங்கள்: முதலாமவர் தொடங்கியது, முடித்தது, இரண்டாமவர் தொடங்கியது, முடித்தது. குறித்துப் பார்த்தால் ஒன்று புரியும். இரண்டாமவர் பல தடவை முதலாமவர் முடிப்பதற்கு முன்பே தொடங்கியிருப்பார். மனிதர்கள் செய்கை முடியக் காத்திருப்பதில்லை, பாதியிலேயே ஊகித்துவிடுகிறார்கள். பேச்சிலும் இதே கதைதான். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி சராசரியாக 200 மில்லிசெகண்ட் அளவில்தான் இருந்தது. முழுச் செய்கையையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் மாடல் அதனாலேயே எப்போதும் அசட்டுத்தனமாகத் தாமதிக்கும்.

தாமதத்தைக் கூட்டிப் பாருங்கள். கேமராவிலிருந்து படம் வர 30 முதல் 50 மில்லிசெகண்ட், போஸ் மாடலுக்கு 20 முதல் 40, திரைக்கு 16. இதுவே நூறைத் தொடுகிறது. அதற்கு மேல் ‘ஐந்து ஃபிரேம் தொடர்ந்து உறுதியானால்தான் பதில்’ என்று விதி வைத்தால் இன்னொரு 166. ஓப்பன்சிவி என்ற படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பில் படத்தை எடுப்பதும் மாடலை ஓட்டுவதும் ஒரே லூப்பில் இருந்தால், மாடல் மெதுவாகும்போது பழைய ஃபிரேம்கள் வரிசையில் தேங்கும். நீங்கள் பார்ப்பது இப்போதைய படமே அல்ல. படம் எடுப்பதைத் தனி திரெட்டில், அதாவது பக்கத்திலேயே தனியாக ஓடும் வேலையாக, ஓடவிட்டு, கடைசி ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடுங்கள். புள்ளிகளின் நடுக்கத்துக்கு ஒன் யூரோ ஃபில்டர் நல்லது. அதில் இரண்டு திருகு: கட்-ஆஃப் குறைந்தால் நடுக்கம் குறையும், பீட்டா ஏறினால் வேகமான அசைவில் பின்தங்கல் குறையும். பீட்டாவைப் பூஜ்யத்தில் வைத்து, கையை அசைக்காமல் நடுக்கம் அடங்கும்வரை கட்-ஆஃபை 1 ஹெர்ட்ஸிலிருந்து குறைத்து வாருங்கள். பிறகு கையை வேகமாக ஆட்டி, பின்தங்கல் போகும்வரை பீட்டாவை ஏற்றுங்கள். இந்த வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

பதிலை உருவாக்கும் பக்கத்தில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒரே வணக்கத்துக்குச் சிலர் கும்பிடுவார்கள், சிலர் கையைத் தூக்கி ஆட்டுவார்கள். சராசரிப் பிழையைக் குறைக்கச் சொல்லி மாடலைப் பழக்கினால் அது இரண்டுக்கும் நடுவே ஒன்றைச் செய்யும். கை மார்புக்கும் தோளுக்கும் இடையில் அரைகுறையாகத் தொங்கும், பக்கவாதம் வந்த மாதிரி. கலப்புப் பரவலை, அதாவது ‘இதற்கு இவ்வளவு வாய்ப்பு, அதற்கு அவ்வளவு’ என்று பல பதில்களைத் தனித்தனியாக, கற்கும் மாடலை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு வழியைத் தேர்ந்து, அந்தச் செய்கை முடியும்வரை அதைப் பிடித்துக்கொள்ள வைக்க வேண்டும். ஜெபரா குழு நிகழ்தகவுக் கலவையைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை. இன்னொரு குழி: டிரெய்னிங்கில் மாடல் பார்ப்பது உண்மையான இரண்டாமவரின் கடந்த நொடிகள். ஓட்டும்போது பார்ப்பது தன்னுடைய சொந்த அசைவை. சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து இரண்டு நிமிடத்தில் கை திரையின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். டிரெய்னிங்கிலேயே பத்தில் ஒரு தடவை அதன் சொந்த வெளியீட்டை அதற்கே ஊட்டி, போகப்போகப் பாதி வரை ஏற்றினால் தாங்கும்.

மதிப்பீட்டில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அடுத்தடுத்த ஜன்னல்கள் இரண்டுக்கும் 45-இல் 44 ஃபிரேம் பொது. கலைத்துப்போட்டு டிரெய்ன், டெஸ்ட் என்று பிரித்தால் விடைத்தாளைக் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்த மாதிரி. ஜோடி வாரியாகப் பிரியுங்கள்: 20 ஜோடி இருந்தால் 16 படிக்க, 4 சோதிக்க, அந்த 4 ஜோடியின் ஒரு ஃபிரேமும் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒரு ஜோடி 5 நிமிடத்தில் 2 நொடிப் பரிமாற்றம் 10 செய்தால் மொத்தமே 20 நொடி. மீதி 280 நொடி சும்மா. எதற்குமே பதில் சொல்லாத மாடல்கூட 93 சதவீதம் வாங்கிவிடும். அதனால் சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டை எண்ணுங்கள்: பத்தில் எத்தனைக்கு ஒரு நொடிக்குள் பதில் தொடங்கியது, சும்மா இருந்த அந்த 280 நொடியில் எத்தனை முறை தானாகக் கையைத் தூக்கியது. எதிரே இருப்பவர் மூக்கைச் சொறிந்ததற்கெல்லாம் கும்பிடும் கம்ப்யூட்டரை இரண்டாவது எண் காட்டிக்கொடுத்துவிடும்.