உடும்பு பிடித்துக் கோட்டை ஏறினாரா தானாஜி?

'சுபேதார்' (2023) என்ற மராத்திப் படத்தைப் பற்றிய பேச்சோடு ஒரு தகவலும் சுற்றுகிறது: மராட்டிய மன்னர் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே, யஷ்வந்தி என்ற உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் ஏறவிட்டு, அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறித்தான் புனே அருகே உள்ள கொண்டாணா கோட்டையைப் பிடித்தார், அவர் இறந்த பிறகுதான் அதற்குச் 'சிங்ககட்' (சிங்கக் கோட்டை) என்று பெயர் வந்தது.

சண்டை நடந்தது உண்மை. 1665 புரந்தர் ஒப்பந்தத்தில் சிவாஜி முகலாயர்களுக்குக் கொடுத்த 23 கோட்டைகளில் இதுவும் ஒன்று. 1670 பிப்ரவரியில், இருட்டில் ஏறிய சிவாஜியின் மாவளா (மலைப்பகுதி) வீரர்கள் அதை மீட்டார்கள். தானாஜியும் முகலாயர் தரப்புக் கோட்டைத் தலைவன் உதய்பானும் அந்தச் சண்டையிலேயே மடிந்தார்கள்.

சரி, உடும்பு? அது வீரகதைப் பாட்டான பவாடாவில் வருகிறது. காலத்தால் நெருங்கிய சபாசத் பகர் என்ற மராத்தி நூலில் அது இல்லை. வீரர்கள் குரங்கைப் போலப் பாறையில் ஏறினார்கள் என்றுதான் இருக்கிறது. (அந்த நூல் எழுதப்பட்டது நம் செஞ்சிக் கோட்டையில், 1690களில்!) வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் சொல்வது கயிற்று ஏணியையும், இடம் தெரிந்த கோலி சமூகத்து வழிகாட்டிகளையும். நமக்கும் 'உடும்புப் பிடி' பழகிய சொல்தான், அதனால் கதை சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சில கிலோ எடையுள்ள உடும்பு, ஆயுதத்தோடு தொங்கும் ஆளைத் தாங்குமா?

அப்புறம் பெயர். 'கோட்டை வந்தது, சிங்கம் போனது' என்று சிவாஜி சொன்னதாக வழங்கும் வாசகம் அழகுதான். ஆனால் 1663ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே சிங்ககட் என்ற பெயர் இருக்கிறது.