ஜார் மன்னர்களின் பட்டியலைப் போய்ப் பண்பாடு என்கிறார்கள்

ரஷ்யப் பண்பாடும் வரலாறும் பற்றி அறிமுகப் பாடம் என்றார்கள். எத்தனையோ விருப்பப் பாடங்கள் இருந்தும் இதைத்தான் ஆசைப்பட்டு எடுத்தேன். செமஸ்டர் முடியப்போகிறது, பண்பாட்டை இன்னும் கண்ணில் காட்டவில்லை. யாருக்குப் பிறகு யார் பட்டத்துக்கு வந்தார், எந்த ஆண்டில் எந்தப் போர், வாராவாரம் இதேதான். 1547இல் நான்காம் இவான் முடிசூடினார், 1703இல் பீட்டர் புதுத் தலைநகருக்கு அடிக்கல் போட்டார், எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த ஸ்லைடு. இன்டர்னல் தேர்வில் ஜார் பெயர் ஒரு பக்கம், ஆண்டு மறுபக்கம், பொருத்துக! பல்கலைக்கழகத்துக்கு வந்தும் பொருத்துகதான் எழுத வேண்டுமா? வயிறு எரிகிறது.

தொடக்கமே கோளாறு. 988இல் "ரஷ்யா" கிறிஸ்தவத்துக்கு மாறியது என்று ஒரு வரி. அப்படி மாற்றிய மன்னர் விளாதிமிர் ஆண்டது கீவ் நகரத்தில், இன்றைய உக்ரைனின் தலைநகரத்தில். உக்ரேனியர்கள், பெலாருசியர்கள் எல்லோருக்கும் அந்த வரலாற்றில் பங்கு உண்டு. 2022இல் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்ததை எல்லோரும் பார்த்த பிறகும் இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எப்படி மனம் வருகிறது?

அப்புறம் மங்கோலியர் படையெடுப்பு. கீவ் 1240இல் வீழ்ந்தது, கலைகள் நசிந்தன, இருண்ட காலம், முடிந்தது வகுப்பு. அந்தப் படை நோவ்கொரோத் நகரம் வரை போகவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டது. அதே நூற்றாண்டில் அந்த ஊரில் ஆன்ஃபிம் என்று ஒரு சின்னப் பையன் பிர்ச் மரப்பட்டையில் எழுத்துகளைக் கீறிப் பழகியிருக்கிறான். பாதியில் அலுத்துப்போய்ப் படம் வரைய ஆரம்பித்துவிட்டான். குதிரைமேல் ஒரு வீரன், கீழே விழுந்துகிடக்கும் எதிரி, அவன்மேல் ஈட்டி. வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயரையே எழுதியிருக்கிறான்! இன்னொரு பட்டையில் ஒரு விலங்கை வரைந்து, "நான் காட்டு மிருகம்" என்று எழுதி வைத்திருக்கிறான். 1951இல் தொடங்கி இன்றுவரை அந்த மண்ணில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைகள் கிடைத்திருக்கின்றன. கடன் கணக்கு, வீட்டுச் சண்டை, பெண்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. ரஷ்யப் பண்பாட்டுக்கு அறிமுகம் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வாசல் எது? ஒரு படம், ஒரே ஒரு படம்கூடக் காட்டவில்லை. நானே தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு உண்மையிலேயே பொறுக்காதது 1861. "இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமைகளை விடுவித்தார்" என்று எழுதினால் முழு மதிப்பெண். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. விடுதலையான இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு அந்த நிலம் சும்மா கிடைக்கவில்லை. பாட்டன் காலத்திலிருந்து தாங்களே உழுத மண்ணுக்கு, 49 ஆண்டுகள் தவணை கட்டச் சொன்னார்கள். பணத்துக்குக் கிராமமே கூட்டாகப் பொறுப்பு. அதனால் நினைத்தபடி ஊரைவிட்டுப் போகவும் முடியாது. 1905இல் கிராமங்கள் கொந்தளித்த பிறகுதான் பாக்கியைத் தள்ளுபடி செய்தார்கள். இது தெரியாதவனுக்கு 1905 கிளர்ச்சியும் புரியாது, ஜார் ஆட்சியைக் கவிழ்த்த 1917 புரட்சியும் புரியாது. எங்கள் வகுப்பில் 1917 ஏதோ வானத்திலிருந்து விழுந்த மாதிரி வந்தது, போனது.

மதப் பிளவையும் இப்படித்தான் முடித்தார்கள். "1650களில் திருச்சபைச் சீர்திருத்தம்", அவ்வளவுதான். இரண்டு விரலால் சிலுவை போட்டுக்கொண்டிருந்த மக்களை மூன்று விரலால் போடச் சொன்னார்கள். மறுத்தவர்களை நாடு கடத்தினார்கள், 1682இல் பழைய முறையை விட மறுத்த அவ்வாக்கும் என்ற பாதிரியாரை உயிரோடு கொளுத்தினார்கள். குடும்பம் குடும்பமாகத் தங்களுக்கே தீ வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒரு விரலுக்காக மனிதர்கள் ஏன் செத்தார்கள் என்று கேட்காமல் அந்த நாட்டின் பண்பாட்டைப் பற்றி என்ன பேச முடியும்?

கேட்டேன், கேட்காமல் இல்லை. "அறிமுகப் பாடம்தானே, நேரம் இல்லை" என்று பதில். நேரம் இல்லையா? கடைசி ஜாரின் அரண்மனையில் செல்வாக்காக இருந்த சாமியார் ராஸ்புடினை எப்படிக் கொன்றார்கள் என்பதற்கு ஒரு முழு வகுப்பு போனது. விஷமா, துப்பாக்கியா, ஆற்றில் போட்டார்களா என்று ஒரு மணி நேரம்! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை லெனின்கிராத் நகரத்தை 872 நாள் முற்றுகையிட்டு லட்சக்கணக்கானவர்களைப் பட்டினியால் கொன்றதற்குப் பாதி ஸ்லைடு. அதில் பாதி தளபதிகளின் பெயர்.

அறிமுகப் பாடம் என்பதாலேயே இன்னும் கவனமாக நடத்த வேண்டும். என்னோடு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ரஷ்யாவைப் பற்றிப் படிக்கப்போகும் ஒரே பாடம் இது. சில கொடூர மன்னர்கள், ஒரு மந்திரவாதச் சாமியார், பனி. இதைத்தான் அவர்கள் தலையில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

செமஸ்டர் முடிவில் கருத்துப் படிவம் தருவார்கள். பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை. நான் என் பெயரைப் போட்டே இத்தனையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன், ஆன்ஃபிமின் படத்தையும் சேர்த்து.