ஏரிக்கரை இருக்க ஏலகிரி எதற்கு?
மவுண்டன் பைக் (கரடுமுரடான பாதைக்கான சைக்கிள்) ஓட்டச் சென்னைக்காரர்களுக்கு ஏலகிரியை விட்டால் வழியில்லை, பக்கத்தில் இருப்பது ஈசிஆர் தார்ச்சாலைதான் என்கிறது ஒரு கட்டுரை. ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாலாஜாபாத் பக்கம் பாலாற்றங்கரை மண்பாதையைப் பிடித்துப் பாருங்கள். ஆறு பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும், ஆனால் மணலில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். கரையோடு போவதே நல்லது. அப்புறம் ஏரிக்கரைகள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்வயல், நடுவே மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்து இறுகிய பாதை. குலுக்கலைத் தாங்கும் முன்பக்க சஸ்பென்ஷன் எதற்கு என்று அங்கேதான் புரியும். சீமைக் கருவேல முள்தான் அங்கே எதிரி. போன தை மாதம் ஒரே காலையில் எனக்கு மூன்று பஞ்சர், கையில் இருந்ததோ இரண்டே பேட்ச். மூன்றாவதுக்கு உருட்டிக்கொண்டே ஊருக்குள் போய்க் கடை தேடினேன்.