ஒரு தடவை வரும் பணமும் மாதாமாதம் வரும் இரண்டு சதவீதமும்

நேற்று இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தம்பி போன் பண்ணினான். வேறொரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். அவர்களுக்கு நிர்வாகம் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறது. ஒன்று, 2 சதவீதச் சம்பள உயர்வும் கையோடு ஒரு மொத்தத் தொகையும். இன்னொன்று, மொத்தத் தொகை கிடையாது, ஆனால் 4 சதவீத உயர்வு. வெள்ளிக்கிழமை ஊழியர்கள் ஓட்டுப் போட வேண்டும். "அண்ணா, எல்லாரும் மொத்தமா வாங்கிக்கலாம்னுதான் பேசிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பதினோரு வருடங்களுக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே கேள்வி எங்கள் முன் வந்தபோது நான் மொத்தத் தொகைக்குக் கை தூக்கினேன். அது தப்பு என்று இன்று நினைக்கிறேன். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இதே இடத்தில் நிற்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும்.

அன்றைக்குக் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் மதிய இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பழைய வருகைப் பதிவேட்டுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு பென்சிலால் எழுத ஆரம்பித்தார். "உன் சம்பளத்தை விடு. வருஷத்துக்கு நூறுன்னு வச்சுக்கோ" என்றார். தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கம் 2 சதவீதமும் மொத்தமாக 5-ம். வலது பக்கம் 4 சதவீதம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் வருடம் 3 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டார்.

முதல் வருடம் இடது பக்கம் 107, வலது பக்கம் 104. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இரு, அவசரப்படாதே" என்றார். இரண்டாம் வருடம் 105.06-க்கு எதிராக 107.12. மூன்றாம் வருடம் 108.21-க்கு எதிராக 110.33. மூன்றாம் வருடத்தின் ஆறாவது மாதத்தில் வலது பக்கம் கூட்டுத்தொகையில் இடது பக்கத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த இடத்தில் பென்சிலை அழுத்தி இரண்டு தடவை கோடு போட்டார். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு மாதமும் வலது பக்கத்துக்கு லாபம். பத்து வருடத்தில் அந்த இரண்டு சதவீத வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய 23 ஆகிறது. இருபது வருடத்தில் கிட்டத்தட்ட 54. அதாவது அரை வருடச் சம்பளத்துக்கும் மேல். நாங்கள் அதை விற்ற விலை 5.

"தம்பி, இந்தப் பணம் ஒரு தடவை வந்துட்டுப் போயிடும். அந்த ரெண்டு சதவீதம் நீ வேலையை விட்டுப் போற வரைக்கும் உன்கூடவே வரும்" என்றார். கணக்கு புரிந்தது. ஆனாலும் மறுநாள் கை மொத்தத் தொகைக்குத்தான் போனது. அந்த மாதம் வீட்டில் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான் காரணம். பணம் வந்த நாளில் செல்போனில் வந்த குறுஞ்செய்தியை மூன்று நான்கு தடவை திறந்து பார்த்தேன். பாதி வீட்டு மராமத்துக்குப் போனது. மீதிப் பாதி எதற்குப் போனது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மனிதர்கள் மனதுக்குள் பணத்தைத் தனித்தனிக் கணக்காகப் பிரித்து வைக்கிறார்கள் என்கிறார். சம்பளம் ஒரு கணக்கு, எதிர்பாராமல் வந்தது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே பணம்தான், ஆனால் ஒரே மாதிரி செலவாவதில்லை. என் அனுபவத்தில் அது முழுக்கச் சரி. சம்பளம் இரண்டு சதவீதம் கூடியிருந்தால் மாதச் செலவிலோ சேமிப்பிலோ சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மொத்தமாகக் கிடைப்பதன் மேல் நமக்கு இருக்கிற ஈர்ப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் ஆட்குறைப்பு செய்தபோது, விலகிப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் கொடுத்தது: மொத்தமாக ஒரு தொகை, அல்லது வருடாவருடம் ஒரு தொகை. ஜான் வார்னர், சால் ப்ளீட்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அந்த முடிவுகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். வருடத் தொகையைவிட மொத்தத் தொகை லாபமாக இருக்க வேண்டுமென்றால், ஒருவர் தன் பணத்துக்கு வருடம் 17 சதவீதத்துக்கு மேல் வட்டி எதிர்பார்க்கிறவராக இருக்க வேண்டும். அப்படியும் அதிகாரிகளில் பாதிக்கு மேல், மற்ற வீரர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மொத்தத் தொகையையே எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை போய் வீட்டுக்குத் திரும்புகிறவருக்குக் கையில் இருக்கிற காசின் கனம் வேறு.

அதனால்தான் தம்பியிடம் முதலில் கேட்டது, "கடன் இருக்கா, என்ன வட்டி?" என்று. வருடம் 24 சதவீத வட்டியில் ஒரு கடன் கட்டாமல் கிடந்தால் மூன்றேகால் வருடத்தில் அது இரட்டிப்பாகிவிடும். அப்படிப்பட்ட கடனை ஒரே அடியில் அடைக்க முடியுமென்றால் மொத்தத் தொகையை வாங்கு, யார் என்ன சொன்னாலும் கேட்காதே என்று சொல்வேன். இரண்டு வருடத்துக்குள் வேறு வேலைக்குப் போகப்போகிறவருக்கும் அதுதான் சரி. நிறுவனமே தள்ளாடுகிறது என்றால் இன்றைக்குக் கைக்கு வருவதை வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. ஓய்வு பெறப்போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தை வைத்து ஓய்வூதியம் போடுகிற இடமென்றால் அந்த இரண்டு சதவீதம் வேலையோடு முடியாமல் ஆயுள் முழுக்கக் கூட வரும்.

இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: இந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்தில் சேருமா? பேசுகிறவர்கள் 'ஊக்கத்தொகை', 'ஒருமுறைத் தொகை', 'இழப்பீடு' என்று எந்தப் பெயர் வைத்தாலும் சரி, அடிப்படையில் சேரவில்லை என்றால் அடுத்த வருட உயர்வு அதன்மேல் கணக்கிடப்படாது. ஓவர்டைம் விகிதம், விடுப்புச் சம்பளம், சேமநல நிதி, பணிக்கொடை என்று அடிப்படைச் சம்பளத்தைத் தொட்டு நிற்கிற எதுவும் அதனால் ஏறாது. அக்கா போட்ட கணக்கில் இதெல்லாம் இல்லவே இல்லை. சேர்த்துப் பார்த்தால் வலது பக்கம் இன்னும் மேலே போகும்.

விலைவாசி வேகமாக ஏறுகிற காலத்தில்தான் இந்த மொத்தத் தொகை அதிகம் மேசைக்கு வருகிறது. விலை 6 சதவீதம் ஏறிய வருடத்தில் 2 சதவீத உயர்வும் 5 தொகையும் கிடைத்தால் அந்த ஒரு வருடம் சமாளித்துவிடலாம். 106-க்கு 107 இருக்கிறது. அடுத்த வருடம் அந்த 5 போய்விடும், ஏறிய விலை அப்படியே நிற்கும். பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் சொல்வார்கள். குறைந்தது ஏறுகிற வேகம்தான், விலை இல்லை. ஜெர்மனியில் 2022 அக்டோபர் கடைசியிலிருந்து 2024 டிசம்பர் வரை, பணவீக்கத்தை ஈடுகட்டக் கொடுக்கும் தொகைக்கு 3,000 யூரோ வரை வரி கிடையாது என்று அரசு அறிவித்தது. பல துறைகளின் ஊதிய ஒப்பந்தங்களில் அந்தத் தொகை இடம்பெற்றது. வரி இல்லாத 3,000 யூரோ பெரிய உதவிதான். ஆனால் 2023-இல் மத்திய அரசு, நகராட்சி ஊழியர்களுக்கு ஏற்பட்ட ஒப்பந்தத்தை நான் மதிப்பது வேறொரு காரணத்துக்காக. அந்தத் தொகையோடு நிறுத்தாமல், 2024 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் முதலில் மாதம் 200 யூரோ அடிப்படையில் சேர்த்து, அதன்மேல் 5.5 சதவீதம் உயர்த்தினார்கள். குறைந்தது 340 யூரோ ஏறியே ஆக வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், சதவீத உயர்விலும் ஒரு குறை உண்டு. 4 சதவீதம் என்பது நூறு வாங்குகிறவருக்கு 4, ஐந்நூறு வாங்குகிறவருக்கு 20. கீழே இருக்கிறவர்கள் மொத்தத் தொகை பக்கம் சாய்வதற்கு அவசரம் மட்டும் காரணம் இல்லை. எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கிற தொகை அவர்கள் சம்பளத்தில் பெரிய பங்கு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்கான சரியான வழி, அந்தச் சமத் தொகையை அடிப்படையில் சேர்க்கச் சொல்லிக் கேட்பது. ஒருமுறை கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ள விடக்கூடாது.

போயிங் விமானத் தொழிலாளர்கள் கதையையும் தம்பிக்குச் சொன்னேன். 2014 ஜனவரியில் ஓர் ஒப்பந்த நீட்டிப்பு ஓட்டுக்கு வந்தது. கையெழுத்திட்டால் 10,000 டாலர் போனஸ். கூடவே, அதுவரை இருந்த ஓய்வூதியத் திட்டம் உறையவைக்கப்படும், அதாவது அதுவரை சேர்ந்ததோடு நின்றுவிடும், மேற்கொண்டு ஏறாது. 51 சதவீத ஓட்டில் நிறைவேறியது. வேலையையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயமும் அந்த ஓட்டில் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. பத்து வருடம் கழித்து, 2024 செப்டம்பரில், நான்கு வருடத்துக்கு 25 சதவீதமும் 3,000 டாலரும் என்று நிர்வாகம் வந்தபோது 94.6 சதவீதம் பேர் நிராகரித்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபரில் 35 சதவீதமும் 7,000 டாலரும் வந்தது. அதையும் 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பரில் 38 சதவீதமும் 12,000 டாலரும் என்றானபோதுதான் 59 சதவீத ஓட்டில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த 38 சதவீதம் 13, 9, 9, 7 என்று நான்கு படிகளாக வந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் கடைசியில் அது 43 சதவீதத்தைத் தாண்டுகிறது. அடிப்படையில் சேருவதன் பலம் அதுதான். அவர்கள் திரும்பக் கேட்டதில் கிடைக்காமலே போனது அந்தப் பழைய ஓய்வூதியம்.

வரியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மொத்தத் தொகை முழுவதும் ஒரே வருட வருமானத்தில் விழும். வருமானம் ஏற ஏற வரி விகிதம் ஏறுகிற இடங்களில் அதில் ஒரு பகுதி மேல்படிக்குள் போகலாம். எந்தக் கணக்கையும் வரி போக மீதியை வைத்துப் போட வேண்டும்.

ஆனால் என்னை இன்னும் உறுத்துவது என் கணக்கு இல்லை. நாங்கள் கை தூக்கி ஐந்து வருடம் கழித்து எங்கள் பிரிவில் ஒரு பெண் சேர்ந்தாள். பக்கத்து நாற்காலி. முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்தபோது, பிடித்தங்களைப் புரியவைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். ஒவ்வொரு வரியாக விளக்கிக்கொண்டே வந்தேன். முதல் வரிக்குத் திரும்பினபோது விரல் நின்றுவிட்டது. அடிப்படைச் சம்பளம். அந்த எண் எங்கே நிற்க வேண்டும் என்பது நாங்கள் அன்றைக்குப் போட்ட ஓட்டில் முடிவானது. அந்த இரண்டு சதவீதத்தை நாங்கள் விட்டுக்கொடுத்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். 5 எங்களுக்கு வந்தது, அவளுக்கு ஒரு காசும் வரவில்லை. குறைந்த அளவுகோல் மட்டும் அவளுக்கும் வந்துவிட்டது. "என்ன சார், ஏதாவது தப்பா இருக்கா?" என்றாள். "இல்லைம்மா, கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஓட்டுப் போடும் உரிமை இன்றைக்கு இருப்பவர்களுக்கு. அதன் விளைவு நாளைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து. மொத்தத் தொகை பேச்சு வரும்போது இதை யாரும் எழுந்து சொல்வதில்லை. அன்றைக்கு நானும் சொல்லவில்லை.

தம்பிக்குக் கடன் இருக்கிறது, ஆனால் வட்டி குறைவு. இன்னும் பத்து வருடமாவது அங்கேயே இருப்பான் போலிருக்கிறது. நான் எதற்கு ஓட்டுப் போடு என்று சொல்லவில்லை. அவனையே ஒரு தாளில் கணக்குப் போடச் சொன்னேன். இன்று காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கமும் எண்கள், மூன்றாம் வருடத்தில் ஒரு வட்டம். கீழே எழுதியிருந்தான்: "அண்ணா, கமிட்டில பேசினேன். அந்தத் தொகையில பாதியை விட்டுக்கொடுத்து, மீதியை பேஸிக்ல சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமான்னு கேட்டேன். நாலு பேர் சரின்னாங்க."