கதிரை இல்லாத கச்சேரி

(லண்டன், ரோயல் அல்பேர்ட் மண்டபம். ஆகஸ்ட் மாதத்து மாலை. மேடைக்கு நேர் கீழே நடுத்தளத்தில் சனம் நெருக்கியடித்து நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த மாமாவும், அவரைக் கூட்டிவந்த மருமகனும் உள்ளே வருகிறார்கள்.)

மாமா: மருமகன், எங்கள் கதிரை எந்தப் பக்கம்?

மருமகன்: கதிரை இல்லை மாமா. இது நிற்கிற இடம்.

மாமா: சுற்றிவர ஆயிரக்கணக்கில் கதிரை தெரிகிறதே!

மருமகன்: இங்கேயும் இருந்ததுதான். கோடையில் ப்ரொம்ஸ் என்கிற இந்த இசைவிழா தொடங்கினால் கழற்றிவிடுவார்கள்.

மாமா: காசு கொடுத்து வருகிறவனுக்குக் கதிரையைக் கழற்றுகிறார்களோ? எவ்வளவு கொடுத்தீர்கள்?

மருமகன்: ஆளுக்கு 8 பவுண்ஸ். காலையிலேயே கம்ப்யூட்டருக்கு முன்னால் காத்திருந்து எடுத்தேன்.

மாமா: நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். அங்கேயும் நிற்கத்தான் வேண்டும். ஆனால் வீபூதியாவது கிடைக்கும்.

மருமகன்: வசதி இல்லாத சனமும் கேட்கட்டும் என்றுதான் மாமா 1895இல் இதைத் தொடங்கினார்கள். அப்போது நிற்க ஒரு ஷில்லிங். இப்போது எட்டுக் கிழமைக்கு அநேகமாக ஒவ்வொரு நாளும் கச்சேரி.

மாமா: எட்டுக் கிழமையோ! நல்லூரே 25 நாளில் கொடியிறக்கிவிடும். எட்டுக் கிழமை இழுத்தால் ஊரில் ஒருவனும் மீன் தின்ன ஏலாது. இவர்கள் விழா முடியுமட்டும் மச்சம் தின்பார்களோ?

மருமகன்: இடைவேளையில் ஐஸ்கிரீம் தின்பார்கள்.

மாமா: சரி, அது சைவம்தான். அங்கே பின்னால் ஒரு வெண்கலத் தலை இருக்கிறதே, அது ஆர்?

மருமகன்: சேர் ஹென்றி வூட். முதல் கச்சேரியில் வாத்தியக் குழுவை நடத்தியவர். அப்போது குயின்ஸ் மண்டபத்தில்தான் நடந்தது. 1941இல் ஜேர்மன்காரன் குண்டு போட்டு அது எரிந்துபோக, இங்கே வந்துவிட்டார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து எடுத்த தலை அது.

மாமா: மாலை ஒன்றையும் காணோமே?

மருமகன்: கடைசி நாள் போடுவார்கள்.

மாமா: அப்ப மூலஸ்தானம் சரி.

(மேடையில் பியானோவின் மூடியைத் தூக்குகிறார்கள். நடுத்தளத்துச் சனம் ஒரே குரலில் "ஹீவ்!" என்கிறது. உச்சி மாடத்திலிருந்து "ஹோ!" என்று பதில் வருகிறது.)

மாமா: அரோகரா!

மருமகன்: மாமா!

மாமா: பாரம் தூக்குகிறபோது சும்மா நிற்க என்னால் ஏலாது. தேர்வடம் பிடித்த கை இது. பார், இந்த அம்மா சிரிக்கிறா. அவ கையில் என்ன புத்தகம்?

மருமகன்: இன்றைக்கு வாசிக்கப்போகிறதன் சுரமெல்லாம் அதில் இருக்கும். விழா முழுக்க வருகிற ஆள் போல.

(முதல் வயலின்காரர் எழும்பிப் பியானோவில் ஒரே ஒரு கட்டையை அமத்துகிறார். நடுத்தளம் கைதட்டுகிறது.)

மாமா: ஒரு சுரத்துக்கே இவ்வளவு தட்டோ! பெரிய வித்துவான்தான்.

மருமகன்: அவர் வித்துவான் இல்லை மாமா, வயலின்காரர். சுருதி சேர்க்க ஒரு கட்டை அமத்தினார். பகிடிக்குத் தட்டுகிறார்கள்.

(நோர்வே இசையமைப்பாளர் கிரீக்கின் பியானோ கொன்செர்ட்டோ; பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது. மேளம் உருண்டு, பியானோ மேலேயிருந்து கொட்டிக்கொண்டு இறங்குகிறது. முதல் பகுதி முழங்கி முடிகிறது. மாமா கையை உயர்த்துகிறார். மருமகன் எட்டிப் பிடிக்கிறார்.)

மருமகன்: தட்டாதீர்கள்! இன்னும் இரண்டு பகுதி இருக்கிறது.

மாமா: இந்த அடி அடித்துவிட்டு நிறுத்தினவனுக்குத் தட்டாவிட்டால் அவன் என்ன நினைப்பான்? அந்தக் காலத்தில் தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி தனி வாசித்து முடித்தால் சனம் எழும்பி நிற்கும்.

மருமகன்: நாங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறோம்.

மாமா: கட்டை அமத்தினவனுக்குத் தட்டினார்கள். உயிரைக் கொடுத்து வாசித்தவனுக்குத் தட்டக்கூடாதோ? அதுசரி, ஏன் எல்லாரும் இருமுகிறார்கள்?

மருமகன்: வாசிக்கும்போது அடக்கி வைத்திருந்தது. இடையில் விடுகிற நேரத்தில்தான் இருமலாம்.

மாமா: நல்ல சட்டம். தட்டினால் குற்றம், இருமினால் நாகரிகம்.

மருமகன்: உண்மையைச் சொன்னால், முந்தித் தட்டத்தான் செய்தார்கள். 1813இல் பெத்தோவனின் ஏழாவது சிம்பொனியை முதன்முதல் வாசித்தபோது, சனம் விடாததால் இரண்டாம் பகுதியைத் திரும்பவும் வாசித்தார்கள்.

மாமா: பெத்தோவனே தடுக்கவில்லை. என் கையைப் பிடிக்க நீங்கள் ஆர்?

(இடைவேளை. இருவரும் தரையில் கால் நீட்டி இருக்கிறார்கள்.)

மாமா: மேலே வட்டம் வட்டமாக அப்பச் சட்டி மாதிரித் தொங்குகிறதே, அது என்னத்துக்கு?

மருமகன்: எதிரொலியைக் குறைக்க 1969இல் மாட்டினது. அதற்கு முன் இங்கே ஒன்றை வாசித்தால் இரண்டு தரம் கேட்குமாம்.

மாமா: அதே 8 பவுண்ஸுக்கோ? அநியாயமாகக் கெடுத்துவிட்டார்கள். சரி, இந்தப் புழுக்கத்தில் நான் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்?

மருமகன்: விழுகிற ஆட்கள் உண்டு மாமா. 1974இல் மேடையில் பாடிக்கொண்டிருந்த தோமஸ் அலனே மயங்கிவிட்டார். அந்தப் பாட்டுத் தெரிந்த ஒருவர் சபையில் இருந்தார். அவர் மேடையேறி மிச்சத்தைப் பாடி முடித்தார்.

மாமா: அப்ப இன்றைக்கு ஆரும் விழுந்தால் நீங்கள் ஏறலாம். குளியலறையில் நன்றாகப் பாடுகிறீர்கள் என்று மகள் சொன்னவ.

மருமகன்: அவ அப்படியா சொன்னா?

மாமா: "சத்தமாக" என்றுதான் சொன்னவ.

(மணி அடிக்கிறது. எழும்புகிறார்கள்.)

மருமகன்: அடுத்தது சிபேலியஸின் ஐந்தாவது சிம்பொனி. 1915இல் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எழுதினவர். பிறகு 1919 வரை திருத்திக்கொண்டே இருந்தார்.

மாமா: எப்படி முடிக்கிறதென்று அவருக்கும் தெரியவில்லைப் போல.

மருமகன்: நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். எப்போது தட்டுவதென்று நான் சொல்கிறேன்.

(அரை மணித்தியாலம் போகிறது. கொம்பு வாத்தியங்கள் ஊஞ்சல் ஆடுகின்றன. பிறகு முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒரே அடி: டாம்! சத்தமில்லை.)

மருமகன் (பலமாகக் கைதட்டி): பிராவோ!

(மண்டபத்தில் அவர் கை மட்டும் கேட்கிறது. மீண்டும் டாம்! சத்தமில்லை. டாம்!)

மாமா (காதுக்குள்): மருமகன், பெத்தோவன் காலத்து ஆளோ நீங்கள்?

(டாம்! டாம்! டாம்! ஆறு அடியும் முடிகிறது. மண்டபம் அதிரக் கைதட்டல். மாமா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.)

மருமகன்: இப்ப தட்டுங்கள் மாமா. முடிந்துவிட்டது.

மாமா: முதல் அடிக்கும் அப்படித்தான் தட்டினீர்கள்.

மருமகன்: சத்தியமாக முடிந்துவிட்டது. நடத்துநர் குனிந்து கும்பிடுகிறார், பாருங்கள்.

மாமா: அவர் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்திருப்பார். உங்களை நம்பி நான் தட்டமாட்டேன். அந்தப் புத்தகக்கார அம்மா தட்டட்டும், பார்ப்போம்.

மருமகன்: அவ எப்பவோ தட்டத் தொடங்கிவிட்டா!

மாமா: புத்தகத்தை மூடிவிட்டாவோ?

மருமகன்: மூடிப் பைக்குள் வைத்துவிட்டா.

மாமா: அப்ப சரி. அரோகரா!