ஆங்கில ‘எய்ட்’ தமிழ் ‘எட்டு’ அன்று

ஆங்கிலத்தில் 8 என்பதைக் குறிக்கும் ‘எய்ட்’ தமிழின் ‘எட்டு’ என்பதிலிருந்து பிறந்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது. ஜெர்மன் மொழியின் ‘ஆஹ்ட்’, இலத்தீனின் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தின் ‘அஷ்ட’ ஆகியவையே அதன் உறவுகள். ‘எய்ட்’ (eight) என்பதில் இன்று எழுத்தில் மட்டும் நின்று ஒலிக்காமல் போன ‘ஜி’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகள், பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் நடுவே ஒலித்த ஹகரத்தின் எச்சம். அந்த ஒலி தேய்ந்து மறைந்த பிறகே ‘எட்டு’ என்பதோடு இத்தகைய ஒற்றுமை தோன்றியது. தமிழ்ச் சொல்லின் வழியோ வேறு: எண்பது, எண்ணூறு, கன்னடத்தின் ‘எண்டு’ ஆகியவற்றில் இன்றும் தெரியும் ‘எண்’ என்பதே அதன் அடி. தமிழிலிருந்து உண்மையாகவே ஆங்கிலத்துக்குச் சென்ற சொல் வேண்டுமெனில், ‘கேட்டமரான்’ (catamaran) ஆன ‘கட்டுமரம்’ இருக்கிறது.