சுவரில் எந்தப் பெயரை மாட்டுவது?

இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். இதுவரை கற்றுக்கொள்பவர்களுக்கான கிட்டார்களை மட்டும் விற்றுவந்தவர். இப்போது கொஞ்சம் துணிந்து உயர்ரக எலக்ட்ரிக் கிட்டார் பக்கம் போகலாம் என்று இருக்கிறார்.

"அண்ணே, ஆறு பிராண்டு எழுதி வச்சிருக்கேன். வரிசையா மாட்டினா கடையே வேற மாதிரி தெரியும். எதை எடுக்கலாம், எதை விடலாம்னு சொல்லுங்க."

"ஒவ்வொண்ணுலயும் எத்தனை எடுப்பீங்க?"

"ஒண்ணு ஒண்ணுதான்ணே."

அங்கேதான் எனக்கு இடித்தது. அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். பதினைந்து வருடம் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கிட்டாருக்கு செட்டப் செய்தவன், அதாவது வாசிக்க வாகாகச் சரிசெய்து கொடுத்தவன் சொல்வது இது. கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஆறு பிராண்டில் ஒவ்வொன்று வைத்தால் அது கண்காட்சி. வருகிறவர்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். இந்த விலையில் கிட்டார் வாங்குகிறவர் பிராண்டைக் கடைக்கு வந்து தேர்ந்தெடுப்பதில்லை. அதை வீட்டிலேயே, மாதக்கணக்கில் வீடியோ பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார். கடையில் அவர் தேடுவது அந்த பிராண்டின், அந்த மாடலின், தன் கைக்கு அமைகிற ஒரு கிட்டாரை. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் இரண்டு கிட்டார் ஒன்றுபோல் இருக்காது. மரம் அல்லவா, ஒன்று அரை கிலோ கூட இருக்கும். நெக்கின், அதாவது விரல் ஓடும் நீண்ட கழுத்தின் பின்புறம் ஒன்றில் கொஞ்சம் தடிப்பாகப் படும். தட்டினால் ஒன்று சட்டென்று பதில் சொல்லும், இன்னொன்று யோசித்துச் சொல்லும்.

ஒருவர் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரே மாடலில் இரண்டு இருந்தன. ஒன்றின் மேற்பலகை மேப்பிள் மரத்தில் புலிவரி மாதிரி அழகான ரேகை. மற்றது சாதாரணம், நிறமும் கொஞ்சம் மங்கல். இரண்டையும் ஆம்ப்பில் சொருகாமலே இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றி வாசித்தார். காதை கிட்டாரின் மேல் விளிம்பில் வைத்துக் கேட்டார். கடைசியில் மங்கலானதை எடுத்தார். "இது கைல உக்காருது" என்பதற்கு மேல் காரணம் சொல்லவில்லை. அந்த அழகான ஒன்று மட்டும் இருந்திருந்தால் "யோசிச்சுட்டு வரேன்" என்று கிளம்பியிருப்பார். அப்படிக் கிளம்பியவர் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் ஆறு வேண்டாம், இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டிலும் ஆழம் வேண்டும்.

சரி, எந்த இரண்டு? பெயரை மறந்துவிட்டு நெக்கிலிருந்து தொடங்குங்கள். ஸ்ட்ரிங்கின் அதிரும் பகுதியின் நீளத்தை ஸ்கேல் நீளம் என்போம், ஃபெண்டரில் அது 25.5 அங்குலம். கிப்சன் லெஸ் பால் 24.75 அங்குலம் என்று சொல்லப்படுவது. பி.ஆர்.எஸ். (பால் ரீட் ஸ்மித்) இரண்டுக்கும் நடுவில், 25 அங்குலம். முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் ஒரே தடிமனுள்ள ஸ்ட்ரிங்கை ஒரே சுருதிக்கு ஏற்றினால், நீளம் குறைந்ததில் இழுவிசை குறையும், பெண்ட் செய்ய, அதாவது ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்ற, விரலுக்கு இலகு. நீளம் கூடியதில் ஸ்ட்ரிங் விறைப்பாக நிற்கும். சிறு வயதிலிருந்து ஒன்றில் பழகிய கை மற்றதை ஏற்க நாள் ஆகும். இந்த மூன்றும் மூன்று விதமான கைகளுக்கானவை. மற்ற பெயர்களில் பாதி இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

தம்பியின் பட்டியலில் ஃபெண்டர், சுர், டாம் ஆண்டர்சன் மூன்றும் இருந்தன. மூன்றும் நல்லவை. ஜான் சுர் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப்பில் (தனி ஆர்டருக்குச் செய்யும் பட்டறை) வேலை பார்த்துவிட்டு, 1997-ல் சொந்தமாகத் தொடங்கியவர். அவருடைய ஃப்ரெட் வேலை, அதான் நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள், இருக்கிறதே, விளிம்பில் விரலை ஓட்டினால் கண்ணாடி. ஆனால் சுர்ரும் ஆண்டர்சனும் அதிகம் விற்கும் வடிவங்கள் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் மாடல்களின் வழி வந்தவைதான். ஒரே கேள்விக்கு மூன்று பதிலை மாட்டி வைத்துவிட்டு, மற்ற இரண்டு கைகளுக்கு ஒன்றுமில்லாமல் விட்டால் என்ன பயன்?

ஃபெண்டரை விடவே முடியாது என்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. 1950-ல் பிராட்காஸ்டர் என்று வந்து, பெயர்த் தகராறில் 1951-ல் டெலிகாஸ்டர் ஆனது முதல், 1954-ன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வரை, இந்தத் தொழிலுக்கே அகரம் போட்டவர்கள். பின்னறைக்காரனுக்கும் அது வரம். நெக் நான்கு திருகில் நிற்கிறது, கழற்றலாம், மாட்டலாம், ஆப்பு வைத்துக் கோணம் திருத்தலாம். லியோ ஃபெண்டர் 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனிக்கு விற்றார். 1985-ல் உள்ளே வேலை பார்த்தவர்களே ஒரு குழுவாக அதைத் திரும்ப வாங்கினார்கள். அந்த இருபது வருடக் கதையை இன்றைக்கும் வாடிக்கையாளர் உங்களிடம் ஒப்பிப்பார். கேட்டுக்கொள்ளுங்கள், வியாபாரத்தில் அதுவும் ஒரு பகுதி.

கிப்சன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, ஒலியைப் பற்றியல்ல. 1952-ல் வந்த லெஸ் பாலின் அடித்தொண்டை ஒலிக்கு நான் அடிமை. ஆனால் அதன் ஹெட்ஸ்டாக், அதாவது சுருதி முறுக்கிகள் இருக்கும் தலைப்பகுதி, பின்னோக்கி 17 டிகிரி சாய்ந்திருக்கும். நெக் மஹாகனி, சாய்வில் மர நார் குறுக்கே ஓடும். நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடின் நட்டுக்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்தும் எடுத்திருப்பார்கள். பெட்டியோடு குப்புற விழுந்தால் அங்கேதான் முறியும். எத்தனை ஒட்டியிருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. நன்றாக ஒட்டினால் வாசிப்பில் குறை தெரியாது, ஆனால் மதிப்பு விழுந்துவிடும், விற்கும்போது சொல்லியும் ஆக வேண்டும். வழியில் முறிந்து வந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அந்தக் கம்பெனி 2018 மே மாதத்தில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது, நவம்பரில் புது உரிமையாளரோடு வெளியே வந்தது. கிட்டார் தொழில் நன்றாகவே இருந்தது, வீட்டு ஆடியோ சாதனத் தொழிலை வாங்கிப் போட்டதில் ஏறிய கடன்தான் கழுத்தை நெரித்தது. எவ்வளவு பெரிய பெயரானாலும் ஒன்றையே நம்பி முழு முதலையும் போடாதீர்கள் என்பதற்காகத்தான் இரண்டு என்கிறேன்.

என்னைக் கேட்டால் முதல் பெயர் பி.ஆர்.எஸ். 1985-ல் மேரிலாந்தில் தொடங்கியது. பெட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் சுருதி சேர்த்துவிட்டு நேரே சுவரில் மாட்டலாம், எனக்கு வேலையே இருக்காது. இதை ஒரு பின்னறைக்காரன் சொல்வது எவ்வளவு பெரிய பாராட்டு என்று யோசியுங்கள். அதோடு ஏணி மாதிரி படிகள் இருக்கின்றன. இந்தோனேசியாவில் செய்யும் எஸ்.இ., நடுவில் எஸ்2, மேலே கோர். எஸ்.இ. வாங்கிய பையன் நான்கு வருடம் கழித்துப் படியேறி வருவான். எஸ்.இ. இவ்வளவு நன்றாக இருக்கும்போது மேலே எதற்கு என்று அங்கேயே நின்றுவிடுகிறவர்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

இரண்டாவதாக ஃபெண்டரோ சுர்ரோ, யாருடைய நிபந்தனை உங்களுக்குத் தாங்குமோ அது. பெரிய கம்பெனிகள் முதல் ஆர்டருக்கு ஒரு குறைந்தபட்ச அளவு, வருடத்துக்கு ஓர் அளவு, நீங்கள் கேட்காத மாடலும் அதில் சேர்ந்து வரும் என்றெல்லாம் வைப்பார்கள். சிறிய பட்டறைகளில் அந்த நெருக்கடி குறைவு, காத்திருப்பு அதிகம். எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். நான் இருந்த கடையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி "உங்க வட்டாரத்துல உங்களுக்கு மட்டும்தான்" என்று வாயால் சொன்னார். மூன்றே மாதத்தில் அடுத்த தெருக் கடையில் அதே கிட்டார் தொங்கியது. கேட்டதற்கு, "அப்படியா சொன்னேன்?" என்றார்.

பட்டியலில் கீசலும் இருந்தது. சிரித்துவிட்டேன். அவர்கள் வாடிக்கையாளரிடம் நேரடியாக ஆர்டர் வாங்கிச் செய்து கொடுக்கிறவர்கள். கடைக்காரருக்கு அதில் என்ன இடம்? ஸ்ட்ராண்ட்பெர்க் மாதிரி தலையில்லாத கிட்டார்கள் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதைக் கேட்டு வருகிற நான்கு பேரை உங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். ஐபனீஸின் ஜப்பான் தயாரிப்புகள் வேகமாக வாசிக்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். மூன்றாவது பெயர் என்று என்றைக்காவது வந்தால் அதுதான்.

அப்புறம், பராமரிப்பு. தம்பி இதைக் கேட்கவே இல்லை. யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. அறையின் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பகலெல்லாம் ஏ.சி., இரவில் அணைப்பு என்று மேலும் கீழும் போனால் நெக் வளையும். காற்று வறண்டால் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். விலை உயர்ந்த கிட்டாரை எடுத்தவுடன் உள்ளங்கையில் கீறல் விழுந்தால் அந்த விற்பனை அங்கேயே முடிந்தது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் பூசிய கிட்டார் ஒன்றைச் சாதாரண ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மூன்று வாரம் விட்டுவிட்டேன். ரப்பரில் உள்ள ஏதோ ரசாயனம் லாக்கரை இளக்கிவிடும் என்று படித்திருந்தும் அலட்சியம். எடுக்கும்போது மெழுகுச் சீலை பிரிகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம். நெக்கின் பின்னால் இரண்டு கறுத்த தழும்பு. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மறுநாளே எல்லாக் கொக்கிக்கும் பருத்தித் துணி சுற்றினேன்.

நேற்று இரவு தம்பியிடமிருந்து செய்தி வந்தது. ஆறில் நான்கை அடித்துவிட்டாராம். கூடவே ஒரு படம், அட்டைப்பெட்டி குவிந்து கிடக்கும் பின்னறை. "அண்ணே, இதைக் காலி பண்ணினா மேசையை எங்க போடுறது?" என்று கேட்டிருந்தார். ஜன்னல் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி போடச் சொன்னேன். ஃப்ரெட்டின் மேல் வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் மேடு பள்ளம் தெரியும்.